புளி படக்கூடாத காசு

ஜூன் 6, வெள்ளி

குத்துவிளக்கு இரண்டு, காமாட்சி விளக்கு, மணி, தூபக்கால், சொம்பு, தட்டு. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாயிற்று. கையோடு கேஸ் சிலிண்டரையும் தேய்த்தேன். இந்தத் தெருவில் என்னைப் "புளி கலாமணி" என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லட்டும். அவர்கள் வீட்டு விளக்கில் முகம் பார்க்க முடியுமா என்று கேட்டால் பதில் வராது.

இன்று என் வீட்டுக்காரர் பேசியது ஆறு வார்த்தை. நான்கு "ம்", ஒரு "வேண்டாம்", ஒரு "செரி". நேற்று ஐந்துதான்.

பெட்ஷீட் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் செக்கிங் பகுதியில் இருந்த மனிதர். ஏப்ரல் மாதம் சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று கட்டிலில் படுத்தவர் சாப்பாட்டுக்கும் குளிக்கவும் மட்டும் எழுந்திருக்கிறார். சர்க்கரை சரியாக இருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தால், "அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்கிறார். சுவர்க் கடிகாரம் பேசுகிற அளவுகூட இந்த நாச்சிமுத்து பேசுவதில்லை.

போன வருடத்து எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. அதில் ஒரு சாமானைப் போட்டு மூடி வைத்தேன். என்ன சாமான் என்று இங்கேகூட எழுத மாட்டேன். பூஜைத் தட்டில் ஓர் இடம் காலியானது. அங்கே ஒரு கொட்டைப்பாக்கை வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

ஜாடியைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பசேலென்று களிம்பு ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை அரிக்கிறது. புளியைக் கரைத்து ஒரே தேய் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஜாடியை மூடிவிட்டு, அரிப்புத் தீர வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் தேய்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பின்பக்கம், முருங்கைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டேன். ஒன்றரை அடி ஆழம். பிறகு மூடி மிதித்து, அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்தேன். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்க வேண்டியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஜூன் 26, வியாழன்

நல்ல மழை. பின்பக்கம் மண் நன்றாக இறுகும். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 9, புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. காலையில் ஒரு நாரத்தங்கன்றை வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இதுக்கு ஒரு குழி போட்டுத் தர்றீங்களா? என்ற முழங்காலு மடங்க மாட்டேங்குது."

"ம்."

இந்த "ம்" வருவதற்கு அரை மணி நேரம், எழுந்திருப்பதற்கு இன்னொரு அரை மணி நேரம். கடைசியில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். போனவர் செங்கல் பக்கமே திரும்பவில்லை. நேராகக் காம்பவுண்டு ஓரமாகப் போய்க் கடப்பாரையை ஓங்கினார்.

"அங்க வேண்டாமுங்க. இந்தா, செங்கல் இருக்குதே, அங்க போடுங்க."

"இங்கதான் வெயிலு எச்சா விழுகும்."

"ஜோசியர் அந்த எடத்துலதானுங்க நாரத்தை வெக்கச் சொன்னாரு."

"நாரத்தைக்கு எதுக்கு ஜோசியம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று மாதமாகக் கேள்வியே கேட்காத மனிதர் கேட்ட கேள்வி என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. கன்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் செங்கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவர் அங்கேயே தோண்டினார்.

கால் மணி நேரத்தில் சத்தம் நின்றது. அதற்குள் அடுப்படிக்கு வந்துவிட்டிருந்த நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் குரல் வந்தது.

"கலா, இங்க வா."

ஏப்ரலுக்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை. ஓடினேன். உள்ளங்கையில் மண்ணும் பச்சையுமாக ஒரு சதுரச் சில்லு.

"என்னங்க அது, பேண்டு பட்டனா?" என்று கேட்டேன். நான் பள்ளிக்கூட நாடகத்தில் கூட நடித்ததில்லை. ஆனாலும் நன்றாகவே வந்தது.

"பட்டனில்லெ. காசாட்டம் இருக்குது. செப்புக் காசு."

வாங்கிப் பார்த்தேன். அங்கேதான் என் கை என்னை மீறிவிட்டது. முந்தானையால் அதை ஒரு துடை துடைத்துவிட்டேன்.

"தேய்க்காதே!" என்று கத்தினார். "கறைன்னா முதல்ல அது என்ன கறைன்னு பாக்கோணும். அப்பறந்தான் கை வெக்கோணும். எத்தனை பீஸு உன்னாட்டம் ஆளுங்க தேய்ச்சே வீணாப் போயிருக்குது தெரியுமா?"

முப்பத்து நான்கு வருடச் செக்கிங் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நாரத்தங்கன்றை நானே குழியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். வார்த்தைகளை எண்ணுவதை இன்றோடு விட்டுவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

காலை முழுவதும் போனில் வீடியோ பார்த்தார். பிறகு மொபட்டை எடுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போய் இரண்டு லிட்டர் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் பழைய காசை ஊற வைக்க வேண்டுமாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதாம், உப்பு இருக்கிறதாம். இதே தண்ணீரில்தான் நான் குளிக்கிறேன், சமைக்கிறேன். என் மேல் யாரும் அக்கறை காட்டியதில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தில் காசைப் போட்டு ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறார். எனக்குச் சட்டதிட்டங்கள் வாசித்துக் காட்டினார். புளி ஆகாது. எலுமிச்சம்பழம் ஆகாது. வினிகர் ஆகாது. பல்பொடி, சாம்பல், தேங்காய் நார், கம்பிப் பிரஷ் எதுவும் ஆகாது. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். துடைக்கக் கூடாது, பஞ்சால் ஒற்றத்தான் வேண்டும். மண் தானாக இளகும் வரை காத்திருக்க வேண்டும். இளகாவிட்டால் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பலாம், ஊசி கூடவே கூடாது.

"அந்தப் பச்சையைக்கூட எடுக்கக் கூடாதுங்களா?"

"இறுகின பச்சை காசுக்குத் தோலு மாதிரி. அதை உரிச்சா காசு செத்துப் போகும்."

இந்த வீட்டில் நான் புளி போட்டு உரித்த தோல்களை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மேசை டிராயரிலிருந்து அவருடைய பிக் கிளாஸ் வெளியே வந்துவிட்டது. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற குட்டிப் பூதக்கண்ணாடி. அதைக் காசு மேல் கவிழ்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுகிறார். எந்தத் தண்ணீர் என்ன நிறம் என்று நோட்டில் எழுதுகிறார்.

மாலையில் கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கலா, உனக்கு ஏதாச்சும் வாசம் தெரியுதா?"

"என்ன வாசமுங்க?"

"ஊறுகா மாதிரி."

"அடுப்படியில ஊறுகாதானுங்க போட்டுட்டு இருக்கறேன்."

போடவில்லை. சொல்லிவிட்டதால் போட வேண்டியதாயிற்று. வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. ஓடிப்போய் எதிர்வீட்டில் நான்கு வாங்கி வந்து, அவர் எட்டிப் பார்ப்பதற்குள் கடுகு பொரித்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

மாங்காய் ஊறுகாய்.

ஜூலை 18, வெள்ளி

பூண்டு ஊறுகாய். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாயிற்று. எதிர்வீட்டுக்காரி, "வீட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா அக்கா?" என்று கேட்டாள். மகளுக்கு ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் இவர் புளி டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கிண்ணத்தின் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அவர் எழுதியது அவருக்கு இல்லை.

ஆனால் நிலைமை தலைகீழாகிவிட்டது. சீக்கிரம் சுத்தமாக வேண்டும் என்று தவிப்பது அவர். "மெதுவாப் பண்ணுங்க, இன்னும் ஒரு மாசம் ஊறட்டும்" என்று சொல்வது நான். ஊற ஊற மண் கரைகிறது, மண் கரையக் கரைய உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எல்லாம் தெரிந்துவிட்டால் அவருக்கு நாளைக்கு எழுந்திருக்க ஒரு காரணம் இருக்காது. மின்விசிறி அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"சிலிண்டரைக்கூட விட்டு வெக்காத பொம்பளை, காசைத் தேய்க்க வேண்டாங்கறே. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூலை 22, செவ்வாய்

"கலா, செவப்பு."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். கண்ணாடியை என் கண்ணுக்குக் கொடுத்தார். விளிம்பில் பிளந்திருந்த ஓர் இடுக்கில், மண்ணுக்கடியில், சிவப்பாக ஒரு பொட்டு.

"நெம்பப் பழைய செம்புலதான் இப்பிடிச் செவப்புப் படியுமாம். அதுக்கு மேலதான் பச்சை வருமாம். இது ஆயிரம் வருசத்துக்கு மேலயே இருக்கும்."

எனக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து, நானே நின்று அரைத்து வாங்கி வந்த சிவப்பு அது. தலையாட்டினேன்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. நிலத்துக்கடியில் பழைய பொருள் கிடைத்தால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். தாசில்தாருக்கு இரண்டு பக்கத்தில் மனு எழுதி வைத்திருக்கிறார். கிடைத்த நாள், இடம், ஆழம், சாட்சி. சாட்சி என்ற இடத்தில் என் பெயர். வரும் திங்கட்கிழமை நேரில் கொடுக்கப் போகிறார். ஆட்கள் வந்து பின்பக்கம் முழுவதையும் தோண்டிப் பார்த்தாலும் பார்ப்பார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணத்தன்று இருந்த களை இருந்தது.

நான் எலுமிச்சை ஊறுகாய் போடப் போனேன். இப்போது வாசனையை மறைக்க இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

ஜூலை 24, வியாழன்

மனுக் கொடுப்பதற்கு முன் யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். தாசில்தார் முன்னால் மானம் போவதற்கு, வேறு யார் முன்னாலாவது போவது மேல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பல் டாக்டர் மெஹருன்னிசா பழைய காசு சேர்க்கிறவராம். போனில் காசு சேர்க்கிறவர்கள் குழு ஒன்றில் இவர் சேர்ந்திருக்கிறார், அங்கே பிடித்தார். ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் கடைவாய்ப் பல் வலிக்கிறது, கூட வருகிறேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பல் பார்க்கிற நாற்காலிக்கு மேலே இருக்கிற பெரிய விளக்கைத் திருப்பி, தட்டில் பஞ்சு விரித்து, அதன் மேல் காசை வைத்தார்.

"நல்லா ஊற வெச்சிருக்கீங்க சார். அவசரப்படாமப் பண்ணியிருக்கீங்க. எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு காசைக் கொன்னுதான் கொண்டுவருவாங்க" என்றார். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் முதலாளி இப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பற்காரை எடுக்கிற இரும்புக் கருவிகளைத் தள்ளி வைத்துவிட்டு, டாக்டர் மூங்கில் குச்சி ஒன்றை எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இடுக்கிலிருந்த மண்ணை மெல்ல நெம்பினார். சிவப்பு வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து கறுப்பாக, உருண்டையாக ஒன்று வந்தது. பஞ்சின் மேல் வைத்து உருட்டிப் பார்த்தார்.

கடுகு.

டாக்டர் குனிந்து முகர்ந்தார். "பெருங்காயம்" என்றார். பிறகு சிவப்பைக் குச்சி நுனியில் எடுத்துப் பார்த்தார்.

"சார், இது செம்புல வர்ற செவப்பு இல்லீங்க. மொளகாப் பொடி. காசு சேரர் காசுதான், அதுல சந்தேகமே இல்ல. ரெண்டாயிரம் வருசம் இருக்கும். ஆனா மொளகா நம்ம நாட்டுக்கு வந்தே ஐநூறு வருசந்தானுங்க. அது எப்பிடிங்க இதுக்குள்ள போயிருக்கும்?"

இவர் அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். என் கடைவாய்ப் பல் அந்த நிமிஷம் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

"அக்காவுக்குப் பல்லுல என்னங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, செரியாப் போச்சு" என்றேன்.

டாக்டர் காசைத் திருப்பி விளக்கில் சாய்த்துப் பார்த்தார். "இன்னொண்ணும் சொல்லோணுமுங்க. இந்தப் பக்கம் வில்லு இருந்திருக்கும், அம்பு இருந்திருக்கும். மறுபக்கம் யானை. எல்லாம் வழவழன்னு போயிருக்கு. யாரோ வருசக்கணக்காப் புளி போட்டுத் தேய்ச்சிருக்காங்க" என்றார். காசைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மொபட்டில் வீடு வந்து சேரும் வரை அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனுவை நான்காகக் கிழித்தார். கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 28, திங்கள்

"ம்" கூட இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் இல்லை. இனி இந்த நோட்டில் ஒளித்து எழுதுவதில் என்ன இருக்கிறது?

அந்தக் காசு என்னைப் பெற்ற எங்கய்யன் அமராவதி ஆற்று மணலில் கண்டெடுத்தது. கல்யாணத்தன்று என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பூஜைத் தட்டில் இருந்தது. ஏதோ செப்புச் சில்லு என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் இவர் ஒரு நாளும் அந்தத் தட்டை நிமிர்ந்து பார்த்ததில்லை, அதனால்தான் துணிந்தேன். அவ்வளவு பளபளப்பாகப் புதைத்தால் சிறு குழந்தைகூட நம்பாது என்று களிம்பேற ஊறுகாயில் போட்டேன். புதைப்பதற்கு முன் கழுவத்தான் செய்தேன். தேய்க்காமல் கழுவினால் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தேய்க்காமல் நான் எதையும் கழுவியதில்லையே.

அவர் எழுந்து நடமாட வேண்டும், ஏதாவது ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும் என்றுதான் செய்தேன். ஜூன் மாதம் அவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. இப்படியே ஒரு நாள் படுத்தபடியே போய்விடுவாரோ என்று இருந்தது. இப்போது அதைவிடப் பயமாக இருக்கிறது. அப்போது யாரும் அவரை ஏமாற்றியிருக்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 30, புதன்

காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முதுகிடம் சொன்னேன். எங்கய்யன், பூஜைத் தட்டு, ஜாடி, செங்கல், ஜோசியர் சொன்னதாகச் சொன்ன பொய், பத்து நாளில் நான்கு தடவை போட்ட ஊறுகாய். எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, "என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க" என்றேன்.

முதுகு பேசியது.

"எத்தனை வருசமாத் தேய்ச்சே?"

"கல்யாணமானதுல இருந்துங்க. முப்பத்தொரு வருசம்."

"வாராவாரமா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைங்க. ஆடி, தை மாசத்துல செவ்வாயும்."

அவர் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

"வருசத்துக்கு அம்பத்திரண்டு. முப்பத்தொரு வருசத்துக்கு ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு. ஆடி, தை தனி. ஏம்புள்ளே, ரெண்டாயிரம் வருசமா ஆத்துக்குள்ள கெடந்து அழியாத வில்லு, உன்ற கையில முப்பது வருசத்துல அழிஞ்சு போச்சு. வெள்ளம் பண்ணாததை நீ பண்ணியிருக்கறே. யானையோட தும்பிக்கை எங்க? காலு எங்க? ஊறுகாயில போட்டதைக்கூட நான் விட்டுர்றேன், அது பத்து நாளு. எவ ஒருத்தி சாமி முன்னால வெச்ச காசுன்னுகூடப் பாக்காம இப்பிடித் தேய்ப்பா?"

அரை மணி நேரம் விடாமல் திட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. புதைத்ததைப் பற்றியும் ஜோசியரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. புளி, புளி, புளி. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். இவ்வளவு நல்ல திட்டு வாங்கி எத்தனை காலம் ஆயிற்று.

தொண்டை வறண்டு நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தேன், காப்பிக்கு அடுப்பில் பாலையும் வைத்தேன். குடித்துவிட்டு, பிக் கிளாஸை எடுத்துக்கொண்டு நேராகப் பூஜை அலமாரிக்குப் போனார்.

"இன்னும் என்னென்ன அழிச்சு வெச்சிருக்கறே, காட்டு."

மணியைக் காட்டினேன். அதன் மேல் இருந்த நந்திக்கு மூக்கு இல்லை என்று கண்டுபிடித்தார். காமாட்சி விளக்கில் கஜலட்சுமிக்குக் கண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டு விழுந்தது. கொட்டைப்பாக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"அவ்வளவுதானா? வேற காசு ஏதாச்சும் இருக்குதா?"

யோசித்தேன். "தாலிக்கொடியில ஒண்ணு இருக்குதுங்க. உங்கம்மா கோத்துக் குடுத்த தங்கக் காசு."

"அதையும் தேய்ச்சியா?"

"சோப்புப் போட்டு மட்டுந்தானுங்க. தினமும்."

"ஜன்னல் பக்கமா வா."

வெளிச்சத்தில் நிற்க வைத்தார். கொடியை வெளியே எடுத்தேன். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, கண்ணாடியை அதன் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. எத்தனையோ வருடமாக இவ்வளவு பக்கத்தில் வந்து அவர் எதையும் பார்த்ததில்லை.

"இதுல இன்னும் முகம் இருக்குது" என்றார்.

"நெசமாவா?"

"அசையாதே."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் அந்த மேடையைத் தேய்த்திருந்தேன். நான் அசையவில்லை.